இரண்டு பஸ் தள்ளி இருக்கும் மருந்து

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். வழக்கம்போல புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். (நான் காலேஜுக்காக சித்தி வீட்டில்தான் தங்கியிருக்கிறேன் என்பது கிளாஸில் எல்லோருக்கும் தெரியும். சித்தியின் தோசைக்காக வந்து போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.) சித்தி பையன் எழுந்து வந்து கதவோரம் நின்றான்.

"அண்ணே, முட்டி ஆரம்பிச்சிருச்சு."

பார்த்தால் ஒன்றும் தெரியாது. காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். உள்ளே குறுகுறுவென்று, கொஞ்சம் வெதுவெதுப்பாக ஏதோ நிறைகிற மாதிரி இருக்குமாம். பதினாறு வருஷ அனுபவம். அவன் சொன்னால் சொன்னதுதான்.

சித்தி ஃபைலை எடுத்தார், சித்தப்பா தெரிந்தவர் காருக்கு போன் போட்டார். முதலில் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி. "ஃபேக்டர் இங்க ஸ்டாக் வைக்கிறதில்லம்மா, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க." பகலில் என்றால் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. டியூட்டியில் இருந்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஹவுஸ் சர்ஜன். "எங்க அடிபட்டுச்சு?" என்றார். அடிபடவில்லை என்றதும் நம்பவில்லை. எக்ஸ்ரே எழுதினார், ரத்தப் பரிசோதனை எழுதினார். சித்தி ஃபைலைப் பிரித்துக் காட்டி, "டாக்டர், மொதல்ல ஃபேக்டர் போட்ருங்க, டெஸ்டெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அந்த மனிதருக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நல்லவர், யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, சரி என்றார். ஆனால் ஃபேக்டர் இருக்கும் ஃப்ரிட்ஜ் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் காலையில் எட்டு மணிக்கு வருவார். எட்டு மணிக்கு அவர் வரவில்லை, எட்டே முக்காலுக்கு வந்தார். கையெழுத்து, ரிஜிஸ்டர், இன்டென்ட். ஊசி போட்டது 9.20-க்கு. அதற்குள் முட்டி ஒரு சின்னத் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. பையன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

மருந்து இருந்தது. இலவசம்தான். டாக்டரும் இருந்தார். எல்லாம் இருந்தும் பத்து மணி நேரம். (டெஸ்ட் எழுதவில்லை. சார், இதைப் படித்தால் தயவுசெய்து ரீடெஸ்ட் வையுங்கள்.)

ஹீமோஃபிலியா என்றால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது பிளஸ் டூ உயிரியலில் வந்த விக்டோரியா மகாராணி வம்சாவளிப் படம்தான். கட்டத்தைக் கறுப்பாக்கு, வட்டத்தில் புள்ளி வை, ஐந்து மார்க். அதோடு, கையில் கீறினால் ரத்தம் நிற்காமல் ஓடிச் செத்துப்போவார்கள் என்று ஒரு கதை. அது தப்பு. சின்னக் கீறலை அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். இவர்களுக்கு வில்லன் உள்ளே இருக்கிறான். முட்டி, முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள்ளேயும் தசைகளுக்குள்ளேயும் ரத்தம் கசியும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தம் உறைவதற்கு வரிசையாகப் பல புரதங்கள் வேலை செய்ய வேண்டும். அதில் எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி. சாதாரண அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை. எங்கள் பையனுக்கு அப்படித்தான். அடியே படாமல், தானாகவே கசியும். மூட்டுக்குள் வந்த ரத்தம் சும்மா வற்றிப் போவதில்லை. அதில் உள்ள இரும்பு மூட்டின் உள்ஜவ்வைப் புண்ணாக்கும். புண்ணான ஜவ்வு தடித்து, இன்னும் சுலபமாகக் கசியும். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, இருபது வயதுப் பையனுக்கு எழுபது வயது முட்டி. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஆரம்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபேக்டர் போடப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது சும்மா இல்லை. "முதலில் ஃபேக்டர், பிறகு பரிசோதனை" என்பது இந்த நோயில் அரிச்சுவடி.

அந்த அரிச்சுவடி ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கூடவே தசையில் ஊசி போடாதே, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுக்காதே என்றும் எழுதலாம். எங்கள் பையனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் என்று இடுப்பில் ஊசி போட்டு, ஒரு பக்கம் முழுவதும் கட்டிக்கொண்டு, இருபது நாள் படுக்கையில் கிடந்தான். அதற்கும் முன்னால், தவழ ஆரம்பித்தபோது முட்டி வீங்கியதைச் சுளுக்கு என்று நினைத்து, ஊரில் ஒரு பாட்டியிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். கசியும் மூட்டை நீவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். படித்த இரண்டு டாக்டர்களும் அதைச் சுளுக்கு என்றுதான் சொன்னார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். "அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். அது உண்மையில்லை. இந்த மருந்து ஒரு ஊசிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். சித்தப்பா மாதிரி ஒரு லேத் பட்டறைக்காரர் சொந்தக் காசில் வாங்கியிருந்தால் வீடு எப்போதோ போயிருக்கும். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் இதை இலவசமாகத் தருகிறார்கள். இந்தியாவில் பல மாநிலங்களில் நிலைமை இப்படி இல்லை. 1983-ல் ஹீமோஃபிலியா உள்ள அசோக் பகதூர் வர்மா டெல்லியில் ஆரம்பித்த கூட்டமைப்பும் அதன் ஊர் ஊரான கிளைகளும் பல வருஷம் கத்தி, மனுப் போட்டு, கோர்ட்டுக்குப் போய் வாங்கியது இது. அதற்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் குப்பிகளுக்காகக் காத்திருந்தவர்கள் கதையெல்லாம் சித்தி சொல்வார்.

ஆனால் மருந்தை வாங்கி வைப்பது வேறு, மூட்டுக்குள் ரத்தம் கசியும் நேரத்தில் அது நரம்புக்குள் போவது வேறு. நம் அமைப்பு முதலாவதை ஓரளவு செய்துவிட்டு இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் என் கட்சி.

முதல் யோசனை ரொம்பச் சாதாரணமானது. வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து, வீட்டு ஃப்ரிட்ஜே போதும். பயிற்சி கொடுத்தால் அம்மாக்களே போடுவார்கள், பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பையன்களே போட்டுக்கொள்வார்கள். உலகத்தில் நிறைய நாடுகளில் பல வருஷங்களாக அப்படித்தான். சர்க்கரை நோயாளி இன்சுலினுக்காக ஒவ்வொரு வேளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா என்ன? நம்மிடம் சொல்லும் காரணம், "வீட்டுக்குக் கொடுத்தா கணக்கு வராது, வெளிய வித்துருவாங்க." எனக்கு இந்த வாதம் கோபத்தையே தருகிறது. காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த குப்பி என்று ஒரு வரி விதி போதும். எங்கள் மெஸ்ஸில் தட்டு எண்ணும் அண்ணாச்சி இதைவிடக் கடினமான கணக்கெல்லாம் போடுகிறார். 2020-ல் ஊரடங்கு வந்தபோது பஸ்ஸே இல்லை. மருந்து ஆஸ்பத்திரியிலும் முட்டி வீட்டிலும் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு மாசம் எங்கள் வீட்டுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்தது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. கசிந்த பிறகு ஊசி போடுவதா, கசியாமல் இருக்க முன்கூட்டியே போடுவதா? உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, முன்கூட்டியே தொடர்ந்து போடுவதுதான் சரியான சிகிச்சை என்கிறது. அந்த வழிகாட்டியை எழுதிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம்ம வேலூர் சி.எம்.சி. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. ஆக, "அதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் சொல்றது" என்று தள்ளிவிட முடியாது.

நான் காமர்ஸ் மாணவன், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எப்போது கசிய ஆரம்பித்தது, எப்போது ஊசி போட்டது, எத்தனை யூனிட் என்று எழுதி வைப்பார். போன ஒரு வருஷத்தில் 19 வரி. எட்டாவது ஃபேக்டர் கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் இரண்டு சதவீதம் ஏறும். பையன் எடை 45 கிலோ. நாற்பது சதவீதம் ஏற்ற 900 யூனிட், அதாவது ஒரு ஆயிரம் யூனிட் குப்பி. பாதி அளவு எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் இரண்டு முறை போட வேண்டியிருக்கிறது. 19 முறை, தலா 2 குப்பி, ஆக 38,000 யூனிட். இப்போது மறுபக்கம். வாரம் இரண்டு முறை, கிலோவுக்குப் பத்து யூனிட் என்று குறைந்த அளவில் முன்தடுப்பாகப் போடும் முறை ஒன்று இருக்கிறது. பணம் குறைவான நாடுகளில் பலன் தந்த முறை. 45 பெருக்கல் 10, வாரத்துக்கு 2, வருஷத்துக்கு 52 வாரம். 46,800 யூனிட். வித்தியாசம் 8,800 யூனிட், ஒன்பது குப்பிகூட இல்லை! இதில் ராத்திரி கார் வாடகை, சித்தப்பா பட்டறை மூடிய நாட்கள், பையன் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் எதையும் சேர்க்கவில்லை. பின்னால் ஒருநாள் முட்டி மாற்று ஆபரேஷன் என்று வந்தால் அதற்கு வாரக்கணக்கில் ஊற்ற வேண்டிய ஃபேக்டரையும் சேர்க்கவில்லை. நிரந்தரச் செலவு, மாறும் செலவு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோமே, அதில் இந்தக் கணக்கைக் கேட்டால் நானே நூற்றுக்கு நூறு வாங்குவேன்.

"ஆயிரத்தெட்டு நோய் இருக்கு, இத்தனை கொஞ்சம் பேருக்கு இவ்வளவு செலவா?" என்று என் நண்பன் ஒருவன் நேராகவே கேட்டான். நியாயமான கேள்விதான். முதலில், அவ்வளவு கொஞ்சம் பேர் இல்லை. 2019-ல் வெளியான ஒரு சர்வதேச மதிப்பீடு, ஒரு லட்சம் ஆண்களில் ஏ வகை சுமார் 17 பேர், பி வகை சுமார் 4 பேர் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டு ஆண்கள் 3 கோடியே 61 லட்சம். பெருக்கினால் ஏழாயிரத்து ஐந்நூறு பேர் வருகிறது. இந்தியா முழுவதும் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வாக்கில். அதில் அடையாளம் காணப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். மிச்சப் பேர் எங்கே? லேசான வகை உள்ள சிலர் தெரியாமலே நடமாடுகிறார்கள். மற்றவர்கள் பல் பிடுங்கியபோது, தலையில் அடிபட்டபோது, காரணமே தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், இது உயிரை மட்டும் காப்பாற்றும் செலவு இல்லை. சரியான நேரத்தில் மருந்து கிடைத்த பையன் படித்து, வேலைக்குப் போய், வரி கட்டுவான். கிடைக்காதவன் இருபத்தைந்து வயதில் ஊன்றுகோலோடு இருப்பான். நண்பன் தலையாட்டினான். ஒத்துக்கொண்டானா என்று தெரியவில்லை. டீக்குக் காசு மட்டும் அவன் கொடுத்தான்.

பரிசோதனைக் கூடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை பல இடங்களில் உண்டு. ஆனால் எந்த ஃபேக்டர் எவ்வளவு குறைவு என்று அளக்கும் வசதி பெரிய ஊர்களில்தான். ஏ-யா பி-யா என்று தெரியாவிட்டால் மருந்தே தப்பாகப் போகும். 1960-களின் நடுவில் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, உறைந்த பிளாஸ்மாவை மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் படிவில் எட்டாவது ஃபேக்டர் செறிவாக இருப்பதைக் கண்டுபிடித்தார். கிரையோ என்பார்கள். எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் அதில் ஒன்பதாவது ஃபேக்டர் கிடையாது, பி வகைக்குப் பிரயோஜனமில்லை. வைரஸை அழிக்கும் முறைகளுக்கு உட்படாத கிரையோவில் தொற்று ஆபத்தும் உண்டு. ஃபேக்டர் ஸ்டாக் இல்லாத நாளில் "கிரையோ போட்டுக்கலாம்" என்று இன்னமும் யாராவது சாதாரணமாகச் சொல்லும்போது சித்தியின் முகம் மாறும்.

ஏன் மாறாது? பிரிட்டனில் 1970-களிலும் 80-களிலும் தொற்றுள்ள ரத்தத்தாலும் அதிலிருந்து செய்த மருந்துகளாலும் முப்பதாயிரம் பேருக்கு மேல் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி வந்தது. சுமார் மூவாயிரம் பேர் இறந்தார்கள். ட்ரீலோர்ஸ் என்ற உறைவிடப் பள்ளியில் படித்த ஹீமோஃபிலியா பையன்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. ஆபத்து தெரிந்தும் மறைத்தார்கள் என்று விசாரணைக் குழு 2024 மே மாதம் அறிக்கை கொடுத்தது. உண்மை வெளியே வர நாற்பது வருஷம்! நம் நாட்டில் தானம் பெறும் ரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை 1989-ல் கட்டாயமானது, ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2001-ல்தான். அந்த இடைவெளியில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு என்ன ஆனது என்று இங்கே ஒரு விசாரணைக் குழுவும் கேட்கவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. எமிசிசுமாப் என்று ஒரு ஊசி வந்திருக்கிறது. நரம்பு தேட வேண்டாம், தோலுக்கு அடியில் போட்டால் போதும், மாசம் ஒருமுறைகூடப் போடலாம். ஏ வகைக்கு மட்டும். கடுமையான ஏ வகையில் முப்பது சதவீதம் பேர் வரை உடம்பே ஃபேக்டருக்கு எதிராக வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்படி ஃபேக்டர் பலிக்காமல் போனவர்களுக்கும் இது வேலை செய்கிறது. கேரளா 2024-ல் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாகத் தர முடிவெடுத்தது. பையன் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, "அண்ணே, நாம செங்கோட்டை தாண்டி வீடு பாத்துருவமா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பதினெட்டுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

அதே 2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அவர்களுக்கு அதன்பின் கசிவே இல்லை என்று பெரிய மருத்துவ இதழில் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஒரே மாநிலத்தில் ஒரு பக்கம் உலகம் திரும்பிப் பார்க்கிற சிகிச்சை, இன்னொரு பக்கம் ஃப்ரிட்ஜ் சாவி. முதலாவதற்கு எவ்வளவு மூளை வேண்டும்! இரண்டாவதற்கு ஒரு மாற்றுச் சாவி வேண்டும், அவ்வளவுதான்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஹீமோஃபிலியாவையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நல்லது. நாற்பது சதவீதம் பாதிப்பு இருந்தால் உயர்கல்வியில் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 34-வது பிரிவு, அரசு வேலைக்கான நான்கு சதவீத ஒதுக்கீட்டில் ரத்த நோய்களின் பெயரைச் சேர்க்கவில்லை. படிக்க உதவி உண்டு, வேலைக்கு இல்லை. யாருடைய மூளையில் உதித்ததோ.

கடைசியாக ஒன்று, இதை எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்று தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா வீட்டில் "உங்க வீட்டு ரத்தம்" என்ற பேச்சு நிற்கவில்லை. ஹீமோஃபிலியா உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை, புதிதாக ஏற்படும் மாற்றம் அது என்று யாரும் அந்த வீட்டாரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஃபேக்டர் போட ஆள் இருக்கிறது, உட்கார வைத்துப் பேச ஆள் இல்லை. பையனுக்கு ஒரு தங்கை, ஒன்பதாவது படிக்கிறாள். அவள் கேரியரா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. கேரியராக இருந்தால் அவளுக்கே ஃபேக்டர் குறைவாக இருக்கலாம், மாதவிடாயில் அதிகம் போகலாம். அவளுக்கு அப்படித்தான் போகிறது என்று சித்தி இப்போதுதான் சொன்னார். "பொம்பளப் புள்ளைக்கு இது வராதுன்னு சொன்னாங்களேப்பா" என்றார். பரீட்சை லீவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வேலூர் போகிறோம். டிக்கெட் போட்டாகிவிட்டது.

நோட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வரியிலும் மருந்து ஸ்டாக்கில் இருந்திருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரியில் இல்லை, பெரியாஸ்பத்திரியில். ஆரம்பித்ததற்கும் ஊசிக்கும் நடுவில் இருந்த நேரத்தைச் சித்தி ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். மிகக் குறைந்தது இரண்டு மணி நாற்பது நிமிஷம், அது ஒரு திங்கள்கிழமை காலை பத்து மணி. மிக அதிகம் அந்தச் செவ்வாய்க்கிழமை.